காரீயமும் தமிழ் எழுத்தும்

இராமானுசர் அவதரித்த திருப்பெரும்புதூர் இன்று ஊர்தித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனமும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கூட்டு நிறுவனமும் கார் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஊர்திகளுள் பெரும்பாலானவற்றின் இயந்திரத்தை முடுக்குவது காரீய மின்கலம். அம்மின்கலத்தின் உலோகம் தமிழ்க் கவிஞர்க்கு அயலானதன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தமிழ் நூல்களுள் மிகப் பலவற்றை அச்சிட்டது காரீயக் கலவையே.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் வார்ப்பெழுத்துகளால் அச்சாயிற்று. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுப்பணியை மேற்கொண்டார். 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அவருக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியன. தாளை மிகுதியாக விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகள் இம்மண்ணிலேயே வார்க்கப்பெற்றன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கி அவை வார்க்கப்பெற்றன என்பர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமை பெற்றது.

எழுத்துச் சிறுக்கச் சிறுக்க உலோகத்தின் பொறுப்புப் பெருகும். ழகரத்தின் வளைவும் ணகரத்தின் சுழிகளும் அச்சில் தெளிவாக விழ வேண்டும். ஆயிரக்கணக்கான முறை அழுத்தினும் மழுங்கலாகாது. தூய காரீயமோ நகம் பட்டாலே கீறல் விழும் மென்மை உடையது. 327 பாகை செல்சியசில் உருகுவது. அதனோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்தபோதே எழுத்து பிறந்தது. நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் என்னும் கலவை ஏறத்தாழ 240 பாகையிலேயே உருகிவிடும்; வரி வரியாக வார்க்கும் இயந்திரங்களுக்கு அதுவே ஏற்றது. கையாற் கோக்கும் தனியெழுத்துகளில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் இன்னும் கூடுதலாகச் சேரும். அத்தகைய எழுத்தொன்றை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியிற் கண்டால், மென்மையான பரப்பினிடையே ஆன்டிமனியும் வெள்ளீயமும் இணைந்த சிறு கனசதுரப் படிகங்கள் தென்படும். படிகம் தேய்மானத்தைத் தாங்கும். மென்பரப்பு உடையாமற் காக்கும். மேலும், ஆன்டிமனி உறையும்போது விரியும் இயல்பினது. அதனாற் கலவையின் சுருக்கம் குறைந்து, அச்சுக்குழியின் சுழிகள் எழுத்தில் அவ்வாறே பதியும்.

மீண்டும் மீண்டும் உருக்கத்தக்கது இவ்வுலோகம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவம் நீங்கிற்று. றா, னா போன்றவை புதுவடிவம் பெற்றன. பழைய வடிவங்கள் அச்சகப் பெட்டிகளிலிருந்து படிப்படியாக விலகின.

இக்கலவைக்கு இருண்ட பக்கமும் உண்டு. இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆவது, காரீயமோ நஞ்சு. உருக்குமிடத்துப் புகையாகவும், எழுத்துப் பெட்டியின் தூசியாகவும், கழுவாத விரல் வழியே உணவோடும் அது உடலிற் புகும். குருதியையும் நரம்பையும் தாக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சேற்றத்தைச் சேர்த்தது. ஆயினும் பத்துப் பேருக்கும் குறைவானோர் உழைத்த சிற்றச்சகங்கள் பொதுவாக அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. சிற்றிதழ்களும் முதற்கவிதைத் தொகுப்புகளும் பெரும்பாலும் அத்தகைய அச்சகங்களிலேயே கோக்கப்பட்டன என்பது எண்ணத்தக்கது.

மறுதோன்றி அச்சும் கணிப்பொறியும் வந்தபின் ஈய எழுத்துகள் எடைக்கு விலையாயின. ஆனால் காரீயத்தின் தேவை குறையவில்லை. 1859இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே உருவாக்கிய காரீய மின்கலத்திலும் பழைய சிக்கலே எழுந்தது: தூய காரீயத் தட்டு தன் எடையைத் தானே தாங்காமல் வளைந்தது. 1881இல் செல்லன் என்பார் கண்ட தீர்வும் ஆன்டிமனியே. எழுத்தை நிமிர்த்திய பொருள் மின்கலச் சட்டகத்தையும் நிமிர்த்திற்று. ஆன்டிமனி மின்கல நீரை விரைந்து வற்றச் செய்தமையால், பிற்காலத்தில் நூற்றில் பத்தில் ஒரு பங்களவுக்கும் உட்பட்ட கால்சியம் அவ்விடத்தைப் பெற்றது. நீர் ஊற்றத் தேவையற்ற மின்கலங்கள் அவ்வாறு வந்தவையே.

நஞ்சும் உடன் தொடர்ந்தது. பழைய மின்கலங்களைத் திறந்தவெளியில் உடைத்து உருக்குவோரும் அவர்தம் குழந்தைகளும் அச்சுக்கோப்பவர் ஏற்ற இடரை அதனினும் மிகுதியாக ஏற்கின்றனர். 2001ஆம் ஆண்டின் மின்கல விதிகளும், அவற்றிற்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் விதிகளும் பழைய மின்கலங்களை முறையாகத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின.

கவிதை நூலின் முதற்பக்கங்களில் அச்சகத்தின் பெயர் இருக்கும். எழுத்துக் கோத்தவர் பெயர் இருப்பது அரிது. பழைய தொகுப்பொன்றின் தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் வருடினால், ஈயம் அழுந்திய மேடு இன்றும் தட்டுப்படும். பெயரறியாத அத்தொழிலாளர் தமிழுக்கு ஆற்றிய பணியின் தடம் அது.