வாடைக்கு இரையான பட்டிகள்

கல்முனைக் கரையிலே பனிமழை பெய்வதில்லை. ஆயினும் குளிர் கொல்வதற்கு உறைபனி வேண்டியதில்லை.

2022 டிசெம்பர் 9ஆந் திகதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியது. அந்நாட்களில் வாடையும் மழையும் ஓயாது வீச, இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து மாண்டன.

சுவிட்சர்லாந்தின் மாடுகள் இதனினுங் கொடிய குளிரைத் தாங்குகின்றன. அங்கே தொழுவமுண்டு, உலர்ந்த புல்லுமுண்டு. இங்கோ திறந்த வெளியே பட்டி. நனைந்த உடல் வெப்பத்தை விரைந்து இழக்கும். அதனை ஈடுசெய்ய வயிறு நிறையத் தீவனம் வேண்டும். மாரியில் மேட்டுநிலமெல்லாம் வயலாகிவிட்டால் மந்தை எங்கே மேயும்?

மாண்டது மாடு, முதலிழந்தவன் ஏழைப் பட்டிக்காரன். காற்றை நாம் தடுக்கவியலாது. ஆனால் மேய்ச்சற்றரையையும் கூரையையும் மறுத்தது இயற்கையன்று; மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம்.