நியூட்ரானின் ஆயுள்: ஒரு பத்து வினாடி வழக்கு

1932இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். நம் உடலிலுள்ள கார்பன் அணுவின் கருவுக்குள் இத்துகள் அழிவின்றி இருக்கிறது. கருவைவிட்டுத் தனித்து வந்தாலோ, சராசரியாகக் கால்மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

காரணம் நிறையில் இருக்கிறது. நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றே கனமானது என்பதைச் சாட்விக்கும் மாரிஸ் கோல்ட்ஹேபரும் 1935இல் அளந்து காட்டினர். எனவே அது ஒரு புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானையும் ஓர் எதிர்நியூட்ரினோவையும் உமிழ முடியும். நிலையான அணுக்கருக்களில் பிணைப்பாற்றல் இம்மாற்றத்துக்கு இடந்தருவதில்லை. இத்தகைய சிதைவுக்கான கோட்பாட்டை என்ரிகோ ஃபெர்மி 1934லேயே வகுத்திருந்தார்.

ஆனால் கொள்கை வகுப்பது வேறு, அளப்பது வேறு. மின்னூட்டமற்ற ஒன்றைப் பிடித்து நிறுத்துவது எங்ஙனம்? அணு உலைகள் வந்த பின்னரே அளவீடு கைகூடியது. கனடாவின் சாக் ரிவரில் ராப்சன் 1951இல் அரை ஆயுளை ஏறத்தாழ 12.8 நிமிடம் என்றார்; சராசரி ஆயுளாகக் கணக்கிட்டால் சுமார் 1,100 வினாடி. 1972இல் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகம் சராசரி ஆயுளை 918 வினாடிக்குக் குறைத்தது.

பின்னர் வழிகள் இரண்டாகப் பிரிந்தன. முதலாவது கற்றை முறை: பாயும் நியூட்ரான் கற்றையில் பிறக்கும் புரோட்டான்களை எண்ணுவது. மற்றது குடுவை முறை: வினாடிக்குச் சில மீட்டர் வேகமே கொண்ட நியூட்ரான்களை அடைத்துவைத்து, எஞ்சியவற்றை எண்ணுவது. முன்னது இறப்புப் பதிவேடு. பின்னது உயிரோடிருப்போர் கணக்கு. இரண்டும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். தரவில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் கற்றை ஆய்வு 2013இல் 887.7 வினாடி என்றது. லாஸ் அலமோஸின் காந்தக் குடுவை 2021இல் 877.75 என்றது. இருதரப்பும் ஒப்புக்கொண்ட பிழை வரம்புகளைக் கடந்த வேறுபாடு இது.

பத்து வினாடிக்கு இத்தனை ஆரவாரமா எனலாம். பேரண்டத்தின் முதற்சில நிமிடங்களில் சிதையாமல் எஞ்சிய நியூட்ரான்களே ஹீலியத்துக்குள் புகுந்தன. அன்று உருவான ஹீலியத்தின் அளவு இவ்வாயுளைச் சார்ந்தது.

நூற்றில் ஒரு நியூட்ரான் புரோட்டானைத் தராமல் அறியப்படாத கரும்பொருள் துகளாக மாறுகிறதோ என 2018இல் ஃபோர்னாலும் கிரின்ஸ்டைனும் வினவினர். தேடியவர்களுக்கு இதுவரை சான்று கிட்டவில்லை. 2024 இறுதியில் ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வாளர்கள், புரோட்டான்களுக்கு மாற்றாக எலக்ட்ரான்களை எண்ணிய கற்றை ஆய்வின் முடிவை வெளியிட்டனர். அது குடுவையின் பக்கமே சாய்ந்தது. பிழை வரம்பு பெரிதாதலால் அதனைத் தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை, சாட்சியமாகக் கொள்ளலாம்.