நேரம் இல்லாத ட்ராக்

பழைய ஹார்ட் டிஸ்கைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு கிடைத்தது. 2008-ல் நானும் ஒரு நண்பரும் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சைக்கிளில் போனது. நண்பர் இப்போது இல்லை. செஞ்சியில் ஒரு டீக்கடையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம்னு பார்க்கலாமேன்னு கோப்பைத் திறந்தேன். ஒரு புள்ளியில்கூட நேரம் இல்லை.

ஏன் இல்லை என்று தேடிப் போனதில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே தொடக்கத்தில் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும்; சைக்கிள்காரருக்கு நூறு மீட்டர்னா பக்கத்துத் தெரு. அந்தக் கவலை தீர்ந்ததும் அடுத்த தலைவலி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கேபிள், ஒரு மென்பொருள், ஒரு கோப்பு வடிவம். நீங்கள் போன பாதையை இன்னொருவர் கருவியில் ஏற்ற முடியாது. ராபர்ட் லைப் தொடங்கிய ஜிபிஎஸ்பேபல் இந்த வடிவங்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளராக வந்தது. 2002-ல் டான் ஃபாஸ்டரின் டோபோகிராஃபிக்ஸ் நிறுவனம் ஜிபிஎக்ஸை வெளியிட்டது. எக்ஸ்எம்எல் என்பதால் நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம், யாருக்கும் கட்டணம் கிடையாது. 2004-ல் வந்த 1.1 பதிப்புதான் இன்றும் புழக்கத்தில்.

அதற்குள் மூன்று சமாச்சாரங்கள் இருக்கலாம். வேபாயிண்ட் தனி இடம். ரூட் என்பது போகவேண்டிய சில புள்ளிகள். நடுவில் எந்த ரோடு என்பதைக் கருவியே முடிவு செய்யலாம். அதனால்தான் ஒரே ரூட் இரண்டு பேர் கையில் இரண்டு ஊர் வழியாகப் போகும்! ட்ராக் என்பது போன தடம், புள்ளி புள்ளியாக.

என் கோப்பில் இருந்தது ட்ராக்தான். ஆனால் ஜிபிஎக்ஸில் நேரம் கட்டாயமில்லை, அது இல்லாவிட்டாலும் முறையான கோப்புதான். அந்தக் காலத்துக் கைக்கருவிகள் சிலவற்றில் நினைவகம் ரொம்பக் குறைவு. 'சேவ்' கொடுத்தால் ட்ராக்கைச் சில நூறு புள்ளிகளாக மெலிய வைத்து, நேரத்தையும் கழித்துவிடும். நல்ல பிள்ளையாக நான் சாயங்காலம் சேவ் கொடுத்தேன், பிறகு இடம் வேண்டுமென்று மூலப் பதிவை அழித்தேன். வளைவுகள் நேர்கோடானதில், வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் ஓரிடத்தில் ஏரிக்குள்ளேயே சைக்கிள் ஓட்டியிருக்கிறோம். டீக்கடை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்கேயோ போய்விட்டது.

இப்போது டூர் போனால் ராத்திரி லாட்ஜில் முதல் வேலை, கருவியிலிருக்கும் மூலக் கோப்பை அப்படியே நகலெடுத்துத் தேதி போட்டு வைப்பது. வெட்டுவது, சுருக்குவது எல்லாம் நகலில்தான். நேரத்தைப் பார்த்துக் குழம்பாதீங்க, ஜிபிஎக்ஸில் அது யுடிசி கணக்கு. காலை 6 மணிக்குக் கிளம்பியிருந்தால் 00:30 என்றுதான் இருக்கும்.