பாண்ட் மேளம் யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்து இரண்டு கிழமையாகிறது. எந்த இல்லம் முதலாமிடம் என்ற கதை அடுத்த நாளே ஓய்ந்துவிட்டது. பாண்ட் வாத்தியக் குழுவைப் பற்றிய கதை மட்டும் தேநீர்க் கடையிலும் வட்ஸ்அப் குழுமத்திலும் இன்னும் ஓயவில்லை. பச்சை வெள்ளை உடுப்பு அழகு என்கிறார்கள். தொப்பிக் குஞ்சம் கூடிப்போச்சு என்கிறார்கள். நேர்வரிசையில் வந்த பிள்ளைகள் பிறை வடிவில் வளைந்தபோது வெளிப்பக்கம் பிந்திவிட்டது என்று ஒருவர் சரியாகவே பிடித்திருந்தார். வரிசை வளையும்போது உட்பக்கம் நிற்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும், வெளிப்பக்கம் நிற்பவர் எட்டி அடி வைக்க வேண்டும். நாங்கள் வெளிப்பக்கத்தில் நிறுத்தியது ஆறாம் தரப் பிள்ளைகளை. அவர்களுடைய காலுக்கு அவ்வளவுதான் எட்டும். பிழை பிள்ளைகளுடையதல்ல, எங்களுடையது.

இப்படிப் பேசுவது எனக்குச் சந்தோசம். கவனித்துப் பார்த்தவர்தான் குறை சொல்வார். ஆனால் இரண்டு பேச்சுகள் மனதை உறுத்தின. ஒன்று, "வெள்ளைக்காரன்ட வாத்தியம் நமக்கெதற்கு?" என்ற கேள்வி. மற்றது, ஒரு வாப்பா என்னிடம் வந்து சொன்னது: "சேர், மகள் மேளமடிக்கிறதப் பாத்துட்டு ஒருத்தன் 'பறையடிக்க விட்டிருக்கிறீங்களா' எண்டு கேட்டான். இனி அவள் பாண்டுக்கு வேணாம்."

முதலில் வெள்ளைக்காரன் கதையைப் பார்ப்போம்.

உதுமானிய சுல்தான்களின் படையோடு 'மெஹ்தர்' என்ற வாத்தியக் குழு போனது. அதில் தாவுல் என்ற இருபக்கப் பெரிய மேளம், ஸுர்னா என்ற குழல், நக்காரே என்ற இரட்டை முரசு, ஸில் என்ற வெண்கலத் தட்டு, போரு என்ற எக்காளம் எல்லாம் இருந்தன. வாசிக்கும்போது அவர்கள் பிறை வடிவில்தான் நிற்பார்கள். நடக்கும்போது சில அடிகள் வைத்து, நின்று, வலமும் இடமும் திரும்பிப் பார்த்து மீண்டும் நடப்பார்கள். நம் பிள்ளைகள் பிறையாக வளைந்தபோது எங்களுக்கே தெரியாமல் ஒரு பழைய வழக்கத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

1529இலும் 1683இலும் உதுமானியப் படை வியன்னா நகரை முற்றுகையிட்டது. நகரம் விழவில்லை. ஆனால் அந்த மேளச் சத்தம் ஐரோப்பியரின் காதில் விழுந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் போலந்து, ஒஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா என்று ஒவ்வொரு நாட்டுப் படையும் துருக்கிய மேளத்தைத் தன் அணிக்குள் சேர்த்துக்கொண்டது. நம் பாண்டில் பெரிய பையன் நெஞ்சில் சுமக்கிற 'பேஸ் ட்ரம்' அந்தத் தாவுல் வழியில் வந்ததே. தொடக்கத்தில் ஐரோப்பியரும் அதைத் துருக்கியர் போலவே ஒரு கையில் தடித்த கோலாலும் மறு கையில் மெல்லிய குச்சியாலும் அடித்தார்கள். மொஸார்ட்டும் பீத்தோவனும் துருக்கிய நடையில் இசை அமைத்தது இந்த மோகத்தில்தான்.

சிம்பலுக்கு இன்னொரு கதை உண்டு. அவெடிஸ் என்ற ஆர்மீனியக் கிறிஸ்தவக் கைவினைஞர் 1623இல் இஸ்தான்புல்லில் பட்டறை போட்டார். 'ஸில்ஜியன்' என்றால் சிம்பல் செய்பவர் குடும்பம் என்று பொருள். அந்தக் குடும்பத்தின் தொழில் 1929இல் அமெரிக்காவுக்குப் போனது, இன்றும் நடக்கிறது. கிறிஸ்தவர் வார்த்த தட்டு முஸ்லிம் படையில் ஒலித்து, பிறகு உலகமெல்லாம் போயிருக்கிறது. இதில் எந்தப் பங்கு யாருடையது என்று பிரிப்பது?

வேடிக்கை என்னவென்றால், 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜனிஸரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் கலைந்தது. 1828இல் அவரே இத்தாலியரான ஜுசெப்பே டொனிஸெட்டியை அழைத்து ஐரோப்பிய முறையில் பாண்ட் அமைத்தார். கொடுத்த பொருள் உருமாறி வீடு திரும்பியது.

இனி நம் பக்கம் வாருங்கள். அரபியில் நக்காரா, நம் வாயில் நகரா. நாகூர் தர்காவில் ஒலிக்கிற அதே நகரா. சிலுவைப் போர்க் காலத்தில் இதே சொல்லும் கருவியும் ஐரோப்பாவுக்குப் போய் 'நேக்கர்' ஆனது. சிங்களவரின் ஹேவிசி மேளத்தில் தவுல், தம்மட்டம், ஹொரணை மூன்றும் சேரும். கோயிலில் தவிலும் நாகசுரமும் சேரும். தாவுல், தவுல், தவில் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரிய மேளம் ஒன்று, ஊதுகுழல் ஒன்று. இஸ்தான்புல்லிலிருந்து கண்டி வரைக்கும், கண்டியிலிருந்து வற்றாப்பளை வரைக்கும் ஊர்வலம் போகிற மனிதன் ஒரே மாதிரித்தான் சத்தம் தேடியிருக்கிறான்.

எங்கள் உம்மா சொல்வார், சின்ன வயதில் நோன்பு இரவுகளில் பாவா ஒருவர் றபான் அடித்துப் பாடிக்கொண்டு வீதியால் வருவாராம். அந்தச் சத்தத்துக்குத்தான் சஹர் அடுப்பு எரியுமாம். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டபோது நம்மவர்கள் கையில் கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோனார்கள். றபானை யார் நினைத்தார்? புத்தளத்தில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்த தலைமுறைக்கு அந்தச் சத்தமே தெரியாது. அதனால்தான் மேளம் என்றதும் நமக்கு அது அந்நியமாகப் படுகிறது.

மார்க்க விடயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இசைக் கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் ஆலிம் அல்ல. பிள்ளைக்கு வேண்டாம் என்று மார்க்கக் காரணம் சொல்கிற பெற்றோரை மதிக்கிறேன். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகி (ரலி) வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்ததையும், அபூபக்கர் (ரலி) கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னதையும் எல்லோரும் அறிவோம். அதற்கு மேல் ஆலிம்களிடம் கேளுங்கள்.

ஆனால் அந்த வாப்பா சொன்னது மார்க்கக் காரணம் அல்ல. அது சாதிக் காரணம். இதைப் பேசாமல் விட முடியாது.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி, மருதத்துக்கு நெல்லரி கிணை என்று உரைகள் விரிக்கும். பறை இல்லாத தமிழ் நிலம் இல்லை. புறநானூற்றில் மோசிகீரனார் முரசு வைக்கும் கட்டிலில் அசதியில் தூங்கிவிட, சேரமன்னன் வெட்டாமல் விசிறி வீசினான் என்ற கதையை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த மேளத்தை அடித்த கையை இழிவாக்கியது பின்னால் வந்த சாதி. சாவு வீட்டுக்கு அவர்களைக் கூப்பிடுவோம், வாசலுக்கு வெளியே நிறுத்துவோம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இதுதான் நடந்தது. நாம் முஸ்லிம்கள், நமக்குச் சாதி இல்லை என்கிறோம். ஆனால் ஒரு பிள்ளையை அவமானப்படுத்த அதே சொல்லைக் கடன் வாங்குகிறோம். தொழுகைக்கு எப்படி அழைப்பது என்ற பேச்சு வந்தபோது அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களின் குரல் தெரிவான சமூகம் நாம். பிறப்பாலும் தொழிலாலும் ஆளை அளக்க நமக்கு என்ன உரிமை?

எங்கள் மாணவன் ஒருவன் அமெரிக்க 'ட்ரம் கோர்' காணொளிகளை யூடியூபில் காட்டினான். நூற்றைம்பது பேரளவில் இளைஞர்கள், பித்தளை வாத்தியமும் மேளமும் கொடியுமாக, பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு முழுக் கதை. 1972இலிருந்து அதற்கு வருடாந்தச் சம்பியன் போட்டி நடக்கிறது. கலிபோர்னியாவின் ஸாண்டா கிளாரா வான்கார்ட் குழு யூதக் கிராமக் கதையொன்றின் போத்தல் நடனத்தைத் தன் அடையாளமாகவே வைத்திருக்கிறது. மைதானம் பெரிதானால் சத்தம் பிந்தும். நூறு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.3 செக்கன். ஆகவே அவர்கள் காதை மட்டும் நம்புவதில்லை, தலைவனின் கையைப் பார்த்து அடிக்கிறார்கள். இது நம் பிள்ளைகளுக்கும் பாடம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கலையின் பிறப்பு. முதலாம் உலகப் போர் முடிந்து வீடு வந்த படையினரின் சங்கங்கள்தான் அங்கே மேளக் குழுக்களை வளர்த்தன. பிறகு ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்தன. போர்க்களத்தில் ஆளை அனுப்பப் பயன்பட்ட ஊதுகுழல், ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டாக மாறியது. போர் பார்த்த மண்ணில் இருக்கிற நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வருடத்துக்கு என் யோசனை இது. றபானோடு தொடங்குவோம். நடுவில் பாண்ட் வரட்டும். முடிவில் பக்கத்து ஊர்ப் பறைமேளக் கலைஞர்களை அழைத்து, வாசலில் அல்ல, மைதானத்தின் நடுவில் நிறுத்தி, பிள்ளைகள் அவர்களோடு சேர்ந்து அடிக்கட்டும். மூத்தவர்கள் வீட்டில் பழைய றபான் இருந்தால், அடிக்கத் தெரிந்தவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த வாப்பாவோடு நேற்றும் பேசினேன். யோசிக்கிறேன் என்றார். அந்தப் பிள்ளையின் ட்ரம்மை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.