அடைபட்ட ராணி: வைக் ஆன் ஜே 2013 ஆட்டம் குறித்து ஒரு மாற்று வாசிப்பு

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜேயில், அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆடி லெவோன் அரோனியனை 23 நகர்த்தல்களில் வென்றார். 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வீழ்த்திய ஆட்டத்தின் மறுபிறவியாக இதைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. ஒற்றுமைகள் வெளிப்படையானவை: வெள்ளை ராஜாவைக் குறிவைத்த இரு பிஷப்புகள், ஜி4-இல் குதிரை, மூலையில் ஒதுங்கிய ராஜா. ஆனால் இவை காய்கள் நின்ற இடங்களின் ஒற்றுமைகள் மட்டுமே. தாக்குதல் பலித்த காரணம் இரண்டிலும் வேறு என்பதே என் துணிபு.

லோட்ஸில் ரூபின்ஸ்டைன் வெள்ளை ராணியை இழுத்துப் போடுகிறார். 23-ஆவது நகர்த்தலில் டி2-இல் யானையைத் தானமாக வைத்ததும், இ4 பிஷப்பைக் காத்த ராணி அங்கிருந்து விலகியாக வேண்டியதாகிறது. வைக் ஆன் ஜேயில் ராணியை யாரும் இழுக்கவில்லை. அதன் பார்வை மறைக்கப்படுகிறது.

சர்ச்சைக்குரிய இடம் 16-ஆவது நகர்த்தல். ஜி4 குதிரையை விரட்ட அரோனியன் டி3 பிஷப்பை இ2-க்குப் பின்வாங்கினார். ஆனந்தின் பதில், டி7 குதிரையை இ5-இல் வைத்தது. இப்போது இரு குதிரைகளும், சி5 பிஷப்பும், எஃப்8 யானையும் ஒருசேர வெட்டுவாயில் நிற்கின்றன. இதைத் துணிச்சலின் உச்சம் என்று வியந்து கடந்துவிடுகிறார்கள். வியப்பில் எனக்கும் பங்குண்டு, ஆனால் அது விளக்கமாகாது. எஃப்4 சிப்பாய் குதிரையை வெட்டினால், டி வரிசை திறந்த கறுப்பு ராணி டி4-ஐ வெட்டி முற்றுகையிடும். ராஜா எச்1-க்குப் போனதும் ராணி ஜி1-இல் தன்னைப் பலியிடும். சி5 பிஷப்பின் காவலால் ராஜா அதை வெட்ட முடியாது. யானை வெட்ட, குதிரை எஃப்2-இல் மாட் வைக்கும். சி2-இல் நிற்கும் வெள்ளை ராணி அந்தக் குதிரையை ஏன் வெட்ட முடியவில்லை? இடையே இ2-இல் வெள்ளையின் சொந்த பிஷப் நிற்கிறது. அது டி3-இலேயே இருந்திருந்தால் இந்த மாட் இல்லை.

இவ்வளவில் நின்றிருந்தால் தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் 19-ஆவது நகர்த்தலைப் பாருங்கள். வெள்ளைக் குதிரை எஃப்8 யானையை வெட்டிவிட்டது. ஆனந்த் அந்தக் குதிரையை வெட்டாமல் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளுகிறார். ஜி4 குதிரைக்கு அது துணை என்பது உண்மையே. அதோடு, சி2-இலிருந்து எச்7-க்கு ஓடும் மூலைவிட்டமும் அடைபடுகிறது. இறுதி நகர்த்தலில் டி3-க்கு வந்துவிட்ட ராணி எச்3 சிப்பாயைக் காக்கிறது. ஆனந்த் பிஷப்பை இ3-இல் வைக்க, அந்தக் காவலும் துண்டிக்கப்படுகிறது. பிஷப்பை வெள்ளை பிஷப் வெட்டினால் எச்3 விழுந்து மாட். ராணி வெட்டினால் ஜி4 குதிரை ராணியையே எடுத்துவிடும். அரோனியன் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எஃப்2 மாட் பலகையில் நிகழவில்லையே என்பர். அது நிகழும் என்பதால்தான் அரோனியன் 17-இல் இ5 குதிரையை விட்டுவிட்டு ஜி4-இல் வெட்டினார். மாட் வடிவம் பழையது என்ற ஆட்சேபம் என் வாதத்தைத் தொடவே இல்லை. 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக சாம்பியன் போட்டிக்கான தயாரிப்பு இது என்று ஆனந்தே கூறியிருப்பது சற்றுக் கனமானது. இந்த மறைப்புகளில் எது வீட்டில் கண்டது, எது பலகையில் கண்டது என்று பிரிக்க நான் முயலவில்லை. ஆட்டத்தின் கட்டமைப்பைப் பற்றிய வாதத்துக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை. 16-இல் மறைப்பு அரோனியன் கையால் நேர்ந்தது, ஆனந்த் அதைப் பயன்படுத்திக்கொண்டார். எஃப்5-லும் இ3-லும் அதை அவரே உண்டாக்கினார். ஆகவே இந்த ஆட்டத்தில் ஆச்சரியக்குறி எதற்கு முதலில் என்று கேட்டால், புகழ்பெற்ற 16-ஐ விட, பலரும் யானையைத் துறந்த துணிவாக மட்டும் காணும் 19-ஆவது நகர்த்தலுக்கே நான் போடுவேன்.