உயெனோ யானைகளும் ஒரு குழந்தைக் கதையும்

ஆண்டிபட்டி வட்டத்தின் வருசநாட்டு மலைகளில், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் திரியும் யானைகளும், ஜப்பானியக் குழந்தைகளைத் தலைமுறைகளாக அழவைத்துவரும் ஒரு கதையின் யானைகளும் ஆசிய யானை என்னும் ஓரினத்தவையே. யுகியோ சுச்சியா 1951-இல் எழுதி, 1970-இல் படநூலாக வெளிவந்த அக்கதையின் தலைப்புக்குப் ‘பாவம் அந்த யானை’ என்று பொருள். அதில் வரும் ஜான், டோங்கி, வான்லி மூன்றும் டோக்கியோவின் உயெனோ விலங்குக்காட்சிச் சாலையில் உண்மையாகவே வாழ்ந்தவை. அவற்றுள் ஜானும் டோங்கியும் 1924-இல் இந்தியாவிலிருந்து சென்றவை, வான்லி 1935-இல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, சென்றது.

இரண்டாம் உலகப்போரின்போது, குண்டுவீச்சில் கூண்டு உடைந்தால் விலங்குகள் நகருக்குள் புகுந்துவிடும் என்று காரணம் காட்டி, கொடிய விலங்குகளைக் கொல்லும்படி 1943 ஆகஸ்ட் 16 அன்று ஆணை வந்தது. நஞ்சு கலந்த கிழங்கை யானைகள் தொட மறுத்ததால், தீனியும் தண்ணீரும் நிறுத்தப்பட்டன. ஆகஸ்ட் 29-இல் ஜானும், செப்டம்பர் 11-இல் வான்லியும், 23-இல் டோங்கியும் இறந்தன. இவற்றுக்கிடையே, செப்டம்பர் 4 அன்று, கொல்லப்பட்ட விலங்குகளுக்கு நீத்தார் வழிபாடு நடந்தபோது, வான்லியும் டோங்கியும் மறைவில் பட்டினியோடு உயிருடன்தான் இருந்தன. இந்த வரலாற்றிலேயே நெஞ்சை மிகவும் அறுப்பது அந்த ஒரு நாள்.

நாள்தோறும் குண்டு பொழிந்த காலமாகக் கதை அந்நாள்களைச் சித்திரிக்கிறது. ஆனால் 1942 ஏப்ரலில் நடந்த தாக்குதலுக்குப்பின் 1944 நவம்பர்வரை டோக்கியோவில் குண்டு விழவில்லை. மக்கள் மனத்தைப் போருக்கு இறுக்குவதற்கே அவ்வாணை பயன்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுவது ஏற்கத்தக்கதே.

யானையற்றுப்போன நகரின் சிறுவர்கள் கடிதம் எழுதி வேண்ட, நேரு தம் மகளின் பெயரால் ‘இந்திரா’ என்றழைத்த மைசூர்ப் பெண்யானையை 1949 செப்டம்பரில் அனுப்பிவைத்தார். அதற்குப் புரிந்தது கன்னடமே ஆதலால், ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் உடன்வந்த பாகர்களிடம் கன்னட ஏவற்சொற்களைக் கற்றுக்கொண்டனர். 1957-இல் ஜப்பான் சென்ற நேரு அதை நேரில் கண்டார். 1983-இல் அது இறந்தது.

வருசநாட்டு மலையடிவாரப் பள்ளிகளில் இக்கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், ஆணை பிறந்த நாளையும் குண்டுகள் விழுந்த நாள்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.