தஸ்தாயெவ்ஸ்கியின் வலிப்பும் அன்னாவின் சாட்சியமும்

தஸ்தாயெவ்ஸ்கியின் வலிப்பு நோயைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் உடனே ‘அசடன்’ நாவலுக்குப் போய்விடுகிறோம். வலிப்பு தாக்கும் முன் சில நொடிகள் இளவரசன் மிஷ்கினின் உள்ளம் ஒளியாலும் இசைவாலும் நிறைகிறது; அந்த ஒரு கணத்துக்கு வாழ்நாளையே ஈடாகத் தரலாம் என அவனுக்குத் தோன்றுகிறது. 1868-69இல் வெளிவந்த இப்பக்கங்கள் வெறும் கற்பனையல்ல. இதே பரவசத்தை ஆசிரியர் தம் நண்பர் ஸ்த்ராகவிடமும் விவரித்திருக்கிறார். விளைவு, நம் இலக்கியப் பேச்சில் இந்நோய் ஏறக்குறைய ஒரு வரமாகிவிட்டது.

அப்பரவசம் நோயின் முன்னறிவிப்பு அன்று. வலிப்பின் தொடக்கமே அதுதான் என்கிறது இன்றைய மருத்துவம். மூளையின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருசேரக் கிளர்ச்சியுறுகின்றன. எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து அனுபவம் மாறும். சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும். சிலருக்கு இல்லாத வாடை வீசும். சிலருக்குக் காரணமற்ற அச்சம். பரவசம் வாய்ப்பது மிக அரிது. கிளர்ச்சி மூளையின் இரு பாதிகளுக்கும் பரவியதும் நினைவு அறுந்துபோகிறது. அத்தகைய வலிப்பில் முன்னும் பின்னும் மட்டுமே நோயாளிக்கு உரியவை. நடுப்பகுதி அருகிலிருந்து பார்த்தவருடையது.

அந்த நடுப்பகுதியை நமக்கு எழுதிவைத்தவர் அன்னா கிரிகோரியெவ்னா. 1866இல் ‘சூதாடி’யைச் சுருக்கெழுத்தில் எடுக்க வந்த இருபது வயதுப் பெண், 1867 பிப்ரவரியில் மனைவி. மணமாகிச் சில நாட்களிலேயே, அக்காள் வீட்டு விருந்தில், உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்த கணவர் பாதிச் சொல்லில் நின்றார், முகம் வெளுத்தது, மனிதக் குரலென்றே சொல்லமுடியாத ஓர் அலறல். (மார்புத் தசைகள் இறுகி, குரல்வளை வழியே காற்றைத் தள்ளுவதால் எழும் ஒலி அது, வலியின் கூக்குரல் அன்று.) அக்காள் அலறியபடி அறையைவிட்டு ஓடினாள். அன்னா ஓடவில்லை. விளக்கிருந்த மேசையைத் தள்ளிவிட்டு, அவரைத் தரையில் சரியவிட்டு, தலையை மடியில் தாங்கிக்கொண்டார். இரும்புச் சாவி தேடி ஓடும் நம்மூர்க் கூட்டத்தைவிட அந்தப் பெண் அறிந்து நடந்துகொண்டாள் என்றே சொல்லவேண்டும். தெளிந்தபோது அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சொற்கள் தடுமாறி வந்தன. ஒரு மணி நேரத்தில் மீண்டும் ஒரு வலிப்பு.

அதன்பின் வருவதுதான் நீளம். நாட்கணக்கில் நீடிக்கும் சோர்வு, எந்தக் குற்றமும் செய்யாமலே பெருங்குற்றம் செய்துவிட்டது போன்ற பாரம், மறதி. மிஷ்கினின் சில நொடிகளை மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் இந்த நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டோம்?

திருமணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1857இல், சைபீரியாவில் படைவீரராகத் தண்டனையைக் கழித்துவந்தபோது, முதல் மனைவி மரியாவுடன் ஊர் திரும்பும் வழியில், பர்னவுலில் கடும் வலிப்பு கண்டது. இது மெய்யான வலிப்பு நோயேதான் என்று மருத்துவர் கூறினார். முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் மணம் செய்திருக்கமாட்டேன் என அண்ணன் மிகயீலுக்கு எழுதினார் தஸ்தாயெவ்ஸ்கி. தமக்குத் தாமே விதிக்க நினைத்த அத்தடையை நம் நாட்டில் சட்டமே விதித்திருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு காண்பவர் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணம் செய்யத் தகுதியற்றவர். அச்சொல் நீக்கப்பட்டது 1999இல்தான்.

1878 மே மாதத்தில், மூன்று வயது நிறையாத மகன் அல்யோஷா வலிப்பு கண்டு இறந்தான். தம்மிடமிருந்தே நோய் பிள்ளைக்குச் சென்றது என்ற எண்ணம் தந்தையை வாட்டியதாக அன்னா எழுதுகிறார். அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கிய ‘கரமசோவ் சகோதரர்க’ளில் இளைய மகனுக்கு அப்பிள்ளையின் பெயரை வைத்தார் தஸ்தாயெவ்ஸ்கி. நோயை அவனுக்குத் தரவில்லை. அதை ஸ்மெர்த்யாகவுக்குக் கொடுத்தார். கொலை நடக்கும் இரவில் வலிப்பு வந்தவனாக நடிக்கவும் வைத்தார். மிஷ்கின் கண்ட ஒளி அங்கே எங்கும் இல்லை.